வெயிலுக்குப் போர்த்திய கம்பளி

அம்மாக்கண்ணு 1922ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், இலங்கை மலைநாட்டுத் திம்புள்ளப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தாள். பதினெட்டாம் வயதில் அதே தோட்டத்துப் பழனியாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். 1948 பெப்ரவரி 14ஆம் தேதி இந்தியாவுக்குப் புறப்பட்டாள். 1949 மார்ச் 20ஆம் தேதி தோட்டத்துக்குத் திரும்பி, மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தாள். 1950இல் மகள் நாகலெட்சுமி பிறந்தாள். 1951 ஜூன் 4ஆம் தேதி, தோட்டத்துத் தமிழர்கள் விண்ணப்பித்துத்தான் பெறவேண்டியிருந்த இலங்கைக் குடியுரிமைக்கு, பழனியாண்டி தனக்கும் மனைவிக்கும் மகளுக்குமாக விண்ணப்பம் கொடுத்தான்.

இந்தத் தேதிகளில் எதுவும் பிழையில்லை. ஆனால் அவள் புறப்பட்ட நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் இடைப்பட்ட பதின்மூன்று மாதத்தைப் பற்றி லயத்தில் எல்லோரும் அறிந்திருந்தது முழுவதும் பிழை. அந்தப் பிழையை ஊரை நம்பவைத்தவளும் அம்மாக்கண்ணுதான்.

1954 மார்ச் கடைசியில், நீளமான உறையில் ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. அதைப் படிப்பதற்காகத் தொழிற்சங்கத்தின் அட்டன் காரியாலயத்தில் எழுத்து வேலை பார்த்த முத்துலிங்கத்தைப் பழனியாண்டி கையோடு அழைத்து வந்தான். லயத்தில் அவர்களுக்கிருந்த ஒற்றை அறையான காம்பிராவின் வாசலில் குந்தியபடி முத்துலிங்கம் அதை ஒருமுறை மனத்துக்குள் படித்தான். பிறகு நெற்றியைச் சொறிந்தான்.

"அண்ணே, உங்க பேருல கொறை ஒண்ணும் இல்ல. அண்ணி பேருலதான் சிக்கல்."

"அவ பேருல என்னடா சிக்கல்? இந்த லயத்துலயே பொறந்தவ."

"பொறந்தது சரி. நாப்பத்தெட்டுல ஊருக்குப் போனாங்கல்ல? ஒரேயடியா பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா, இங்க தொடர்ச்சியா குடியிருந்ததா எடுத்துக்க மாட்டாங்க. பொண்டாட்டி விட்டுப்போனா மொத்த விண்ணப்பமும் விட்டுப்போச்சு. மூணு பேருக்கும் இல்ல."

"பன்னெண்டு மாசத்துக்கு மேலன்னு யாரு சொன்னா?"

"சிவசாமி கங்காணி. விசாரிக்க வந்த ஐயாகிட்டச் சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்காரு. தோட்டத்துல வேலைக்கு வந்தவங்க பேரு பதியுற செக்ரோல்லயும் பதின்மூணு மாசம் அண்ணி பேரு விழல. ஜூன் பதினேழாந் தேதி நுவரெலியால விசாரணை."

பழனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அடுத்த லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் கங்காணி பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் குரல் இங்கே அடுப்படி வரை கேட்டது.

"நான் பொய்யாடா சொன்னேன்? அவ போறதுக்கு முன்னால 'பனியில பொறந்தவ, அந்த வெயில்ல ஒரு மாசம் தாங்கமாட்டா'ன்னு நான் சொன்னேன். நீ என்ன செஞ்ச? பெரட்டுல நூத்தம்பது பேரு முன்னால, 'எம் பொண்டாட்டி ஒரு வருசம் முழுசா இருந்து எங்கம்மாவுக்குக் கஞ்சி ஊத்திட்டுத்தான் வருவா'ன்னு கத்துன. வந்து எறங்கின மறுநாளு அவளும் எம் மூஞ்சிக்கு நேரா வந்து, 'பதின்மூணு மாசம் வெந்துட்டு வந்தேன் கங்காணி ஐயா, இப்ப என்ன சொல்றீங்க'ன்னு கேட்டா. நீங்க சொன்னதைத்தானே நானும் சொன்னேன்?"

பழனியாண்டி திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அம்மாக்கண்ணு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும் ஒரு ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தியன்னா இந்தத் தலைவலியே இல்ல புள்ள" என்றான்.

அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. ஊதுகுழலிலிருந்து வாயை எடுத்தால் எது வெளியே வருமோ என்று பயந்தாள்.

"பதினொரு மாசம்னு சொல்லிருவோம்" என்று முத்துலிங்கத்திடம் தொடர்ந்தான் பழனியாண்டி. "எங்கம்மா போட்ட கடுதாசி எட்டும் பெட்டியில இருக்கு. தை மாசத்துக் கடுதாசில 'ஒம் பொண்டாட்டியை அடுத்த வாரம் அனுப்பிவைக்கிறேன்'னு எழுதியிருக்கு. இவ வந்து சேரப் பங்குனி ஆனது அந்தக் கடுதாசில இல்ல. அதைக் காட்டினா நிக்கும்."

"மிச்சம் ரெண்டு மாசம்? செக்ரோல்ல பேரு இல்லியே."

"இறம்பொடைத் தோட்டத்துல இவ அக்கா அழகம்மா வீட்டுல இருந்தான்னு சொல்லுவோம். அவளையே வந்து சொல்லச் சொல்லுவோம். அக்கா தங்கச்சிக்காக ஒரு பொய் சொல்லமாட்டாளா?"

ஊதுகுழல் அம்மாக்கண்ணுவின் கையிலிருந்து நழுவி உருண்டது. தன் கணவன் யோசித்து யோசித்துக் கட்டிய பொய், அவள் ஆறு வருடமாக மறைத்த உண்மையின் வாசலிலேயே போய் நின்றது. அவள் இந்தியாவில் இருந்தது பதின்மூன்று மாதமும் இல்லை, பதினொரு மாதமும் இல்லை. நான்கு மாதங்கூட இல்லை. மீதி ஒன்பது மாதமும் இருந்தது இறம்பொடையில்தான்.

வெயில் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தை, மாசியில் மலையில் மழை ஓய்ந்து வெயில் விழும்போது மற்றப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாறைமேல் பூனைபோல் போய் உட்காருவார்கள். அவள் மட்டும் சவுக்கு மர நிழலைத் தேடி ஒதுங்குவாள். அப்படிப்பட்டவளைத்தான், மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கடிதம் வந்ததும், ஊருக்குப் போகிற கூட்டத்தோடு பழனியாண்டி அனுப்பிவைத்தான். வேலையை விட்டு அவன் போக முடியாது.

துறையூருக்குக் கிழக்கே, பனைமரங்களும் சோளக்கொல்லைகளுமாக இருந்தது அந்தக் கிராமம். அவள் போய்ச் சேர்ந்த மாசியில் மாமியார் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். மாசி கடந்தது. பங்குனியில் தரை சுட்டது. சித்திரையில் காற்றே சுட்டது.

மலையில் குளிரை எதிர்கொள்ளத் தெரிந்த வழிகளைத்தான் அவள் வெயிலிலும் கையாண்டாள். வேறு வழி அவளுக்குத் தெரியாது. காற்று வராதபடி கதவைச் சாத்திக்கொண்டாள்; வீடு சூளையாயிற்று. நாளைக்கு ஏழெட்டுத் தடவை கொதிக்கக் கொதிக்க வெறுந்தேத்தண்ணி என்னும் பாலில்லாத் தேநீர் குடித்தாள். வேர்வை ஆறாய் ஓடியது. அந்த ஊர்ப் பெண்கள் விடியுமுன் கொல்லைக்குப் போய், வெயில் ஏறுமுன் வீடு திரும்பிப் புளியமரத்தடியில் சாய்ந்துவிடுவார்கள். அவளுக்கோ பெரட்டு நேரம் உடம்பில் ஊறியிருந்தது. ஏழு மணிக்குப் புறப்பட்டு, ஊர் அடங்குகிற உச்சிப் பொழுதில் கொல்லையில் தனியாகக் குனிந்து நிற்பாள்.

கடைசியில் கம்பளியை எடுத்தாள். தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளி. மழையிலும் பனியிலும் கொழுந்தெடுக்கும்போது தலையிலிருந்து முதுகு வரை தொங்கவிட்டுக் கொள்வது. பனியைத் தடுப்பது வெயிலையும் தடுக்கும் என்று கணக்குப் போட்டாள். கிணற்றில் முக்கி, நீர் சொட்டச் சொட்டப் போர்த்திக்கொண்டு கொல்லையில் இறங்கினாள்.

"ஏ கண்டிக்காரி, நாளைக்கு நெருப்பும் மூட்டிக் குளிர் காய்வியா?" என்று வரப்பில் போன பெண்கள் சிரித்தார்கள்; இலங்கை மலையிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே அதுதான் பெயர்.

முதல் நாள் குளிர்ந்தது. அவளும் பதிலுக்குச் சிரித்தாள். இரண்டாம் நாள், காயக் காய மறுபடி நனைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், வேர்க்குருவின்மேல் ஈரக் கம்பளி உரசி உரசி, கழுத்திலும் முதுகிலும் தோல் வழன்று கொப்புளம் எழும்பிற்று. அதன்பிறகு மல்லாந்து படுக்க முடியவில்லை. கிணற்றுப் படியில் இடுப்பளவு நீரில் போய் உட்காருவாள். நாளுக்கு ஒரு படியாகத் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. வைகாசியில் சேறு மட்டும் மிஞ்சியது. ஒரு நாள் உச்சியில் சோளத்தட்டைகளுக்கு நடுவே விழுந்தாள். எவ்வளவு நேரம் கிடந்தாளோ தெரியாது. கண் திறந்தபோது மாமியார் குடத்து நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏ ஆத்தா, நீ ஒன் ஊருக்குப் போயிரு" என்றார் அவர். "இங்க கெடந்து நீ செத்தியன்னா எம் மவனுக்கு நான் என்ன பதிலு சொல்றது?"

"ஒரு வருசம்னு எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்காங்க அத்தை. இப்பப் போனா அவங்க தலை நிமிர முடியாது."

"அப்ப அவங்கிட்டப் போவாத. ஒன் அக்கா வூட்டுல போய் இரு. இங்க இருக்கிற மாதிரி நான் கடுதாசி எழுதச் சொல்றேன். வருசம் முடிஞ்சதும் போய்க்க. ஆருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியவில்லை. மண்டபம் முகாமில் தங்கவைத்துத்தான் அக்காலத்தில் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அங்கேயும் குப்புறப் படுத்துக் கிடந்துவிட்டு, 1948 ஜூன் 3ஆம் தேதி தலைமன்னாரில் இறங்கினாள். இறம்பொடையில் அழகம்மா அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். தங்கை வந்தது அவளுக்குக் கைகொடுத்தது. மாதாமாதம் போய்விடலாம் என்று அம்மாக்கண்ணு நினைப்பாள். அதற்குள் மாமியாரின் அடுத்த கடிதம் பழனியாண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாமியார் 1951இல் இறந்துபோனார். அந்த ரகசியம் அவளிடம் மட்டும் தங்கிற்று.

பொய்ச் சாட்சிக்கு அக்காளைத் தயார்ப்படுத்தச் சொல்லி, 1954 மே மாதம் பழனியாண்டியே அவளை இறம்பொடைக்குப் பஸ் ஏற்றிவிட்டான்.

விஷயத்தைக் கேட்ட அழகம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு மாசம்னா சொல்லணும்? ஒம்பது மாசம் என் அடுப்புல நின்னவடி நீ. நெசமே இவ்வளவு நல்லாருக்கு, அதுக்கு எதுக்குப் பொய்யி?"

"நெசத்தைச் சொன்னா அவங்க மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?"

"சொல்லலைன்னா ஒம் புள்ளைக்கு நாடே இல்லாமப் போகும். எதுடி பெருசு?"

அக்காள் சொன்னால் மட்டும் நம்புவார்களா என்ற பயம் வந்தது. தங்கைக்காக அக்காள் பேசுவது ஊரறிந்தது. அப்போதுதான் அக்காளின் தோட்டத்து மருந்துச்சாலை நினைவுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் யாராயிருந்தாலும் மருந்துக்காரரிடம் போய் உடம்பைக் காட்டவேண்டும் என்று அந்தத் தோட்டத்தில் கட்டாயம் இருந்தது. அவளும் காட்டியிருந்தாள்.

மருந்துக்காரர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"எனக்கு உம்மட முகம் ஞாபகம் இல்லை, பிள்ளை. ஆனா கம்பளியை நனைச்சுப் போர்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்த ஒரு ஆள் ஞாபகம். அது நீர்தானோ?"

"நான்தானுங்க."

"இருபத்தைஞ்சு வரியம் மருந்து கட்டுறன். வெயிலுக்குக் கம்பளி போர்த்த ஆளை ஒருக்காத்தான் கண்டனான்." அலுமாரியிலிருந்து ஒரு தடித்த கொப்பியை இழுத்தெடுத்து, விரலை ஈரப்படுத்திப் பக்கம் புரட்டினார். "இஞ்சை பாரும். நாப்பத்தெட்டு ஜூன் ஐஞ்சு. பிறகு பன்ரெண்டு. ஒக்டோபரிலை காய்ச்சலுக்கு வந்திருக்கிறீர். அடுத்த வரியம் ஜனவரியிலை இருமல். நாலு முறை."

"இதை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து காட்டுவீங்களா ஐயா?"

"உள்ளதைக் காட்டுறதுக்கு என்ன? ஆனா ஒண்டு. இந்தக் கொப்பிக்கு மாறா வேறை கடுதாசி ஏதும் மேசைக்கு வந்துதெண்டால், ரெண்டையும் நம்பமாட்டினம். அதைப் பார்த்துக்கொள்ளும்."

அதற்கு மாறான எட்டுக் கடிதங்கள் அவள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தன.

ஊர் திரும்பியபின் இருபத்துச் சொச்சம் நாள் கழிந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வாயெடுத்தாள். ஒவ்வொரு நாளும் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். ஜூன் 17 காலை, நுவரெலியா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழனியாண்டி கோட்டின் உட்பையைத் தொட்டுப் பார்த்தபடி கேட்டான்:

"எத்தனை மாசம்?"

"பதினொண்ணு."

"அப்பறம்?"

"ரெண்டு மாசம் அக்கா வீட்டுல." குரல் தாழ்ந்தது. "என்னங்க, ஒண்ணு சொல்லணும்..."

"இப்ப ஒண்ணும் சொல்லாத. மறந்துபோகும். திரும்பச் சொல்லு, எத்தனை மாசம்?"

விசாரணை அறைக்கு வெளியே அழகம்மாவுக்குப் பக்கத்தில், கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்பலவாணர் உட்கார்ந்திருந்தார். "யாரு இவரு?" என்று பழனியாண்டி அழகம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெயர் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அப்பால் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். பழனியாண்டியைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அவளை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"இந்தியாவில் எத்தனை மாதம் தங்கியிருந்தாய் என்று ஐயா கேட்கிறார்."

கணவன் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த முதுகில் இன்னும் தழும்பு இருந்தது.

"மூணு மாசம் இருபது நாளுங்க" என்றாள்.

பெஞ்சு கிரீச்சிட்டது.

"கங்காணி பதின்மூன்று மாதம் என்று சொல்லியிருக்கிறாரே?"

"அவர் பொய் சொல்லலீங்க. நான்தான் அவருகிட்டப் பொய் சொன்னேன். மிச்ச நாளெல்லாம் இறம்பொடைல எங்க அக்கா வீட்டுல இருந்தேன்."

"ஏன் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தாய்? யாருக்காவது சுகமில்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளரே எடுத்துக்கொடுத்த காரணம் அது. ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற வேறொன்று என்று ஆறு வருடம் ஓடியாயிற்று.

"வெயில் தாங்கலீங்க" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அவர் உதடு சற்றே கோணிற்று. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வெயிலுக்காகவா? அவ்வளவுதானா?"

பிறகு அவள் நிறுத்தவில்லை. சாத்திய கதவு, சுடுதேத்தண்ணி, கம்பளி, வற்றிய கிணறு, சோளக்கொல்லை எல்லாவற்றையும் சொன்னாள். போகச் சொன்னவர் மாமியார் என்றாள். கணவன் பேர் கெடக்கூடாது என்று ஒளிந்திருந்தேன் என்றாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. கம்பளி என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் அவளை இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார்.

அழகம்மா வந்து சொன்னாள். அம்பலவாணர் கொப்பியை விரித்து நான்கு இடங்களைக் காட்டினார். 'ஈரக் கம்பளி உரசிய புண், இந்தியாவிலிருந்து வந்து இரண்டு நாள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அதிகாரி விரல் வைத்துப் படித்தார். மேசையில் நெடுநேரம் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"அந்தக் காலத்தில் உன் தாயாரிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா? இருந்தால் காட்டச் சொல்கிறார்."

அம்மாக்கண்ணு அப்போதுதான் திரும்பினாள். பழனியாண்டி எழுந்து நின்றுகொண்டிருந்தான். வலக்கை கோட்டின் உட்பைக்குள் போயிருந்தது. நூல் கட்டிய எட்டுக் கடிதமும் அங்கே இருந்தன: செத்துப்போன தாயின் சொல். அது ஒரு பக்கம். நேற்றுவரை தன்னை ஏமாற்றிய மனைவியின் சொல் மறுபக்கம். அவள் அவன் கையையே பார்த்தாள். கை பைக்குள்ளேயே நின்றது.

"எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாதுங்க" என்றான் அவன்.

அது உண்மைதான், எழுதியவர் அந்த ஊர்த் தபால்காரர். அதிகாரி தலையசைத்து, எதையோ எழுதி, கோப்புக் கட்டைக் கட்டினார். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

பஸ் நானுஓயாவைத் தாண்டிற்று. லிந்துலைக்கு வரும்போது, பழனியாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டான்:

"ஐப்பசிக் கடுதாசில, நீ தெனமும் ராத்திரி அம்மாவுக்குக் காலு புடிச்சு விடுறன்னு எழுதியிருந்துச்சு."

"அவங்க சொல்லி எழுதினதுங்க."

"அப்ப யாரு புடிச்சு விட்டா?"

"யாரும் இல்லீங்க."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு வளைவுகள் கழிந்தன.

"கம்பளியையா போர்த்துன?"

"ஆமாங்க."

"நனைச்சா?"

"நனைச்சுத்தான்."

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா வேறெதுவுமா என்று அவள் பார்க்கத் துணியவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு அவன் அவளைத் திட்டவுமில்லை, பழையபடி பேசவுமில்லை. வேண்டியதைக் கேட்பான், கொடுத்தால் வாங்கிக்கொள்வான். ஆடி போயிற்று, தீபாவளி போயிற்று. தபால் வரும் நாளெல்லாம் இருவரும் தனித்தனியே தோட்டத்து அலுவலகமான கந்தோர்ப் பக்கம் போய், அதன் வாசலில் எதிர்ப்பட்டு, ஒன்றும் வரவில்லை என்று தலையாட்டிக்கொண்டு ஒன்றாகத் திரும்புவார்கள். அந்த நடையில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு மீண்டது. ஒரு மார்கழி மாலை, அவள் கழுத்தோரத் தழும்பைக் காட்டி, "இது அப்ப வந்ததா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தான்.

பதிவுச் சான்றிதழ் 1955 ஜனவரி 4ஆம் தேதி வந்தது. பழனியாண்டி, அம்மாக்கண்ணு, நாகலெட்சுமி என மூவர் பெயரும் இருந்தன. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம், ஏழு மாதம்.